கிரனாடாவில் தங்குவது பரதோரிலா, அல்ஹம்ப்ரா பேலஸிலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் ஸ்பெயினின் கிரனாடா நகருக்குப் புறப்படுகிறவர்கள், அல்ஹம்ப்ரா கோட்டைக்கு அருகில் எங்கே தங்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கினால், சற்று நேரத்தில் இரண்டு பெயர்களில் வந்து நிற்பார்கள். ஒன்று, கோட்டை மதிலுக்கு உள்ளேயே இருக்கும் பரதோர் தெ கிரனாடா. மற்றது, அதே குன்றின் தென்மேற்குச் சரிவில், மதிலுக்கு வெளியே நிற்கும் அல்ஹம்ப்ரா பேலஸ். இரண்டுக்கும் இடையே பத்துப் பதினைந்து நிமிட நடைதான். ஆனாலும் இரண்டிலும் கிடைக்கும் கிரனாடா ஒன்றல்ல. இந்தத் தேர்வைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

பரதோர் என்பது அந்த ஹோட்டலின் பெயரா, ஹோட்டல் வகையின் பெயரா?

வகையின் பெயர். ஸ்பெயின் அரசுக்குச் சொந்தமான நிறுவனம் ஒன்று கோட்டைகள், மடாலயங்கள், பழைய மாளிகைகள் போன்றவற்றைச் சீரமைத்து ஹோட்டல்களாக நடத்துகிறது. அவற்றுக்குப் பரதோர் என்று பெயர். முதல் பரதோர் 1928இல் கிரெதோஸ் மலைப்பகுதியில் திறக்கப்பட்டது. இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ நூறு இருக்கின்றன. எல்லாமே பழங்கட்டடங்கள் அல்ல, சில முழுக்கப் புதிதாகக் கட்டப்பட்டவை. கிரனாடாவில் இருப்பது 1945இல் திறக்கப்பட்டது. அறைகள் நாற்பது அளவில்தான் என்பதால், மொத்தத் தொடரிலும் இடம் கிடைப்பதற்கு மிகக் கடினமானவற்றில் அதுவும் ஒன்று.

பரதோரில் தங்கினால் அல்ஹம்ப்ராவுக்குத் தனியாக நுழைவுச்சீட்டு வாங்க வேண்டியதில்லையா?

வாங்க வேண்டும். அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அல்ஹம்ப்ரா ஒரே கட்டடம் அல்ல. மதிலுக்குள் அடங்கிய ஒரு சிற்றூர் என்றே சொல்லலாம். அதன் நடுவே செல்லும் ரெயால் தெரு, ஐந்தாம் சார்லஸ் மன்னரின் வட்ட முற்றம் கொண்ட அரண்மனை, சாந்தா மரியா தேவாலயத்தைச் சுற்றியுள்ள பகுதி ஆகியவற்றுக்குச் சீட்டு இல்லாமலே யாரும் போகலாம். பரதோர் இந்தத் தெருவில்தான் இருக்கிறது. ஆனால் எல்லோரும் பார்க்க வருகிற, கிரனாடாவை ஆண்ட கடைசி முஸ்லிம் வம்சத்தின் நாஸ்ரிட் அரண்மனைகள், அல்கசாபா என்னும் பழைய கோட்டைப் பகுதி, ஹெனெராலிஃபே தோட்டங்கள் ஆகியவை சீட்டு இருந்தால்தான் திறக்கும். அந்த வரிசையில் பரதோர் விருந்தினருக்கு எந்தச் சலுகையும் கிடையாது.

நாஸ்ரிட் அரண்மனைகளுக்குள் அரை மணி நேரத்துக்கு 300 பேர் என்ற கணக்கில்தான் ஆட்களை விடுகிறார்கள். உங்கள் சீட்டில் அந்த அரை மணி நேரம் அச்சிடப்பட்டிருக்கும். அதைத் தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். சீட்டு வாங்கும்போது கடவுச்சீட்டு எண்ணைக் கொடுக்க வேண்டும், வாயிலில் அதே கடவுச்சீட்டைக் காட்டவும் வேண்டும். வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் சீட்டுகள் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடுகின்றன. எனவே, எந்த ஹோட்டல் என்று யோசிப்பதற்கு முன்பு உங்கள் தேதியில் நாஸ்ரிட் அரண்மனைகளுக்குச் சீட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்கிவிடுங்கள். கோட்டைக்குள்ளேயே ஓர் அறைக்குப் பெருந்தொகை கட்டிவிட்டு, கோட்டையைப் பார்க்கச் சீட்டுக் கிடைக்காமல் மதிலை மட்டும் சுற்றி வந்தவர்களை நான் அறிவேன்.

பரதோர் கட்டடத்துக்கு உண்மையிலேயே வரலாறு உண்டா, அல்லது பெயருக்குத்தானா?

உண்டு, அதுவும் ஸ்பெயின் வரலாற்றின் மையத்தைத் தொடுகிற வரலாறு. 1492 ஜனவரி 2ஆம் நாள் கடைசி நாஸ்ரிட் மன்னர் போஅப்தில் நகரைக் கையளித்த பின்பு, ஸ்பெயினின் கிறிஸ்தவ மன்னர் ஃபெர்டினாண்டும் ராணி இசபெல்லாவும் இங்கிருந்த ஒரு நாஸ்ரிட் மாளிகையைப் புனித பிரான்சிஸ் சபைத் துறவிகளின் மடமாக மாற்றினார்கள். இசபெல்லா 1504இல் மெதினா தெல் காம்போவில் இறந்தபோது, தன்னைத் துறவியின் அங்கியில், எளிய கல்லறையில், இந்த மடத்தில் அடக்கம் செய்யும்படி உயிலில் எழுதியிருந்தார். 1516இல் இறந்த ஃபெர்டினாண்டும் இங்கேதான் வைக்கப்பட்டார். 1521இல் இருவரின் உடல்களும் நகருக்குள் உள்ள அரச தேவாலயத்துக்கு மாற்றப்பட்டன.

ராணியின் முதல் கல்லறை இருந்த இடம் இன்றும் பரதோருக்குள் இருக்கிறது. கூரையில்லாத சிற்றாலயம் ஒன்று. வானம் அப்படியே தெரியும். மேலே தேன்கூடு போல அடுக்கடுக்காகத் தொங்கும் நாஸ்ரிட் காலச் சுதை வேலைப்பாடு, கீழே தரையில் பதித்த ஒரு கல். கொலம்பஸை அனுப்பிய அரசி பதினேழு ஆண்டுகள் கிடந்த இடம், ஒரு முஸ்லிம் மாளிகையின் வளைவுக்கு அடியில். அறை எடுக்காதவர்களும் அதைப் பார்த்துவிட்டு வரலாம் என்பது பலருக்குத் தெரியாது.

அப்படியானால் அங்குள்ள எல்லா அறைகளும் மடத்தின் பழைய அறைகள்தானா?

இல்லை. சில பழைய கட்டடத்திலும் சில பிற்காலத்தில் சேர்த்த பகுதியிலும் உள்ளன. சில அறைகளிலிருந்து ஹெனெராலிஃபே பக்கம் தெரியும், சிலவற்றிலிருந்து உள்முற்றம் மட்டுமே தெரியும். 'மடத்தில் தங்கினோம்' என்ற நிறைவுக்காகவே இவ்வளவு செலவழிக்கிறவர்கள், எந்தப் பகுதி, எந்தப் பக்கம் என்று முன்பதிவின்போதே எழுதிக் கேட்பது நல்லது.

அல்ஹம்ப்ரா பேலஸ் ஒரு பழைய அரண்மனையா?

அல்ல, பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அது 1910இல் ஹோட்டலாகவே கட்டித் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் பதின்மூன்றாம் அல்போன்சோ மன்னர். கட்டியவர் சான் பெத்ரோ தெ கலத்தினோ கோமகன். கிரனாடாவுக்குச் சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுவந்தே தீருவது என்று முனைந்த மனிதர் அவர். சியெரா நெவாடா மலைக்கு டிராம் பாதை போட்டவரும் அவரே. காவிச் சிவப்பு நிறச் சுவர்கள், குதிரைலாட வளைவுகள், வண்ண ஓடுகள், சுதைப் பூவேலை என்று எல்லாமே அல்ஹம்ப்ராவைப் பார்த்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த நகல். கண்டிப்பான கலை ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்த ஆடம்பரம் பிடிக்கும். நகல் என்பதை அது ஒருபோதும் மறைப்பதில்லை.

அதற்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட சொந்த வரலாறு சேர்ந்துவிட்டது. உள்ளே சிறு நாடக அரங்கு ஒன்று உண்டு. 1922 ஜூன் 7ஆம் நாள், இருபத்து நான்கு வயதுக் கவிஞர் ஃபெதெரிக்கோ கார்சியா லோர்கா அங்கே தம் கவிதைகளை வாசித்தார். அதே மாலையில் ஆந்த்ரேஸ் செகோவியா கித்தார் வாசித்தார். அடுத்த வாரம் அல்ஹம்ப்ராவின் அல்ஹிபெஸ் சதுக்கத்தில் நடக்கவிருந்த நாட்டார் பாடல் போட்டிக்கு முன்னோட்டமாக அமைந்த நிகழ்ச்சி அது. அந்தப் போட்டிக்காக உழைத்தவர்களில் ஒருவரான இசையமைப்பாளர் மானுவெல் தெ ஃபாயா வாழ்ந்த வீடு, ஹோட்டலிலிருந்து சில நிமிட நடைதான். இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. லோர்காவுக்காகவும் ஃபாயாவுக்காகவும் கிரனாடாவுக்கு வருகிறவருக்கு, மடத்தைவிட இந்த ஹோட்டலே பொருத்தம் என்பேன்.

எதிலிருந்து காட்சி நன்றாக இருக்கும்?

பலர் எதிர்பார்ப்பதற்கு மாறான பதில் இது: அல்ஹம்ப்ராவின் புகழ்பெற்ற முகம் இரண்டிலிருந்தும் தெரியாது. படங்களில் நாம் காணும் காட்சியில், செந்நிறக் கோபுரங்கள் வரிசையாக நிற்க, பின்னால் பனிமலை எழும். அது எதிர்க்குன்றான அல்பைசினில் உள்ள சான் நிக்கோலாஸ் முற்றத்திலிருந்து தெரிவது. வீட்டுக்குள் இருந்துகொண்டு வீட்டின் முகப்பைப் பார்க்க முடியாது அல்லவா.

பரதோரின் மொட்டைமாடி உணவகத்திலிருந்து தெரிவது ஹெனெராலிஃபேயின் வெள்ளைச் சுவரும் சைப்ரஸ் மரங்களும்தான். அமைதியான, நெருக்கமான காட்சி. அல்ஹம்ப்ரா பேலஸின் மொட்டைமாடி இதற்கு நேர்எதிர். காலுக்குக் கீழே ரெயலெஹோ பகுதியின் ஓட்டுக் கூரைகள், அப்பால் முழு நகரம், அதற்கும் அப்பால் வேகா சமவெளி, இடப்பக்கம் சியெரா நெவாடா. மேற்கு திறந்திருப்பதால் மாலைச் சூரியன் முழுதாக அங்கேதான் இறங்கும். இரண்டு மொட்டைமாடிகளிலும் வெளியாட்கள் காப்பி குடிக்கலாம். எனவே காட்சியை மட்டும் வைத்து அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஒன்றில் தங்குங்கள், மற்றதில் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

மாலைக்கும் இரவுக்கும் எது நல்லது?

என் கணக்கில் தேர்வு முழுவதும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. பகலில் நீங்கள் எங்கே தங்கியிருந்தாலும் ஒன்றுதான். கோட்டைக்குள் ஆயிரக்கணக்கானோருடன் நடக்கப் போகிறீர்கள். கோட்டை மூடிய பிறகு குன்றின் மேல் இருக்க விரும்புகிறீர்களா, நகருக்குள் இருக்க விரும்புகிறீர்களா என்பதுதான் கேள்வி.

ஏப்ரல் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை பார்வை நேரம் இரவு 8 மணிக்கு முடிகிறது. குளிர்காலத்தில் மாலை 6 மணிக்கே. குழுக்களின் கொடிகளும் வழிகாட்டிகளின் ஒலிவாங்கிகளும் இறங்கிப்போன பின்பு ரெயால் தெருவில் நடந்தால், பகல் முழுக்கக் காதில் விழாத ஓர் ஒலி கேட்கத் தொடங்கும்: தண்ணீர். தாரோ ஆற்றின் மேற்பகுதியிலிருந்து நாஸ்ரிட் மன்னர்கள் வெட்டிக் கொண்டுவந்த அரச வாய்க்கால்தான் இந்தக் குன்றை வாழவைத்தது. இன்றும் தோட்டங்களிலும் வழியோர ஓடைகளிலும் நீர் சலசலத்துக்கொண்டே இருக்கிறது. பரதோர் விருந்தினருக்குக் கிடைக்கும் உண்மையான பேறு கோட்டை மூடிய பிறகான இந்த நேரம்தான். அரண்மனைக் கதவுகள் அப்போது பூட்டித்தான் இருக்கும், அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

நாஸ்ரிட் அரண்மனைகளை இரவில் பார்க்கத் தனிச்சீட்டு உண்டு. வெயில் பருவத்தில் செவ்வாய் முதல் சனி வரை இரவு 10 முதல் 11.30 வரையும், குளிர்காலத்தில் வெள்ளி, சனிகளில் இரவு 8 முதல் 9.30 வரையும் திறந்திருக்கும். மங்கிய விளக்கொளியில் மிர்த்தில் முற்றத்துக் குளத்தைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் படுக்கைக்குத் திரும்புவது பரதோரில் மட்டுமே முடியும்.

ஆனால் எதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. கிரனாடாவின் மாலை வாழ்க்கை கீழே இருக்கிறது. ஸ்பெயினில் இரவு உணவு 9 மணிக்குத்தான் சூடுபிடிக்கும். பானம் ஒன்று கேட்டால் கூடவே தப்பாஸ் என்னும் சிறு தீனி ஒரு தட்டு இலவசமாக வரும் பழைய வழக்கம் கிரனாடாவில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பரதோரில் இருப்பவர், இறங்கியபின் திரும்பி ஏற வேண்டுமே என்று நினைத்து, மூன்றாம் நாள் இறங்குவதையே விட்டுவிடுவார். அல்ஹம்ப்ரா பேலஸில் இருப்பவர் படிகளில் இறங்கினால் பத்து நிமிடத்தில் காம்போ தெல் பிரின்சிபே சதுக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

ஏற்றம் எந்த அளவுக்குக் கடினம்? வயதான பெற்றோருடன் வருகிறோம்.

ஏற்றம் ஏற்றம்தான். நுவேவா சதுக்கத்திலிருந்து கொமேரெஸ் சாலை வழியாக மாதுளை வாயிலைக் கடந்து எல்ம் மரக்காட்டுக்குள் ஏறுவது, உடல்நலம் உள்ளவருக்கு இருபது நிமிடம், முழங்கால் வலி உள்ளவருக்கு ஒரு தண்டனை. முதல்முறை போனபோது, சிக்கனமாக இருக்கிறேன் என்று சக்கரப் பெட்டியை அந்த வழியில் இழுத்துக்கொண்டு ஏறினேன். கிரனாடாவின் கூழாங்கல் பதித்த நடைபாதைகள் பார்க்க அழகானவை. பெட்டிச் சக்கரத்துக்கு அவை எதிரி. மேலே சேர்ந்தபோது இரண்டு சக்கரங்களில் ஒன்று மட்டும்தான் என்னுடன் வந்திருந்தது.

பெரியவர்களுடன் வருகிறவர்கள் டாக்ஸியில் ஏறுவதே சரி. பரதோரின் வாசல் வரையிலும் டாக்ஸி வரும். மற்றபடி சி30 என்ற சிற்றுந்து நகர மையத்தின் இசபெல் லா கதோலிக்கா சதுக்கத்திலிருந்து கோட்டைக்கு ஓடுகிறது. அல்ஹம்ப்ரா பேலஸ் அந்த வழியிலேயே இருக்கிறது. இறங்கவும் ஏறவும் பஸ் வாசலில் நிற்கிறது என்பதால், நடக்கச் சிரமப்படும் பெற்றோர் இரண்டு மூன்று நாள் தங்குவதானால் நான் பேலஸையே சொல்வேன். ஒரே இரவு, நோக்கம் கோட்டை மட்டும் என்றால் பரதோர். அங்கிருந்து நாஸ்ரிட் வாயிலுக்குச் சமதளத்தில் ஐந்து நிமிட நடை.

காரில் வந்தால்?

இரண்டுக்குமே நகரின் நடுவே புகுந்து வராதீர்கள். பழைய நகரின் தெருக்கள் பலவற்றில் அனுமதி இல்லாத வண்டிகளைக் கேமரா பிடித்து அபராதம் போடும். ரோந்தா சூர் சுற்றுச்சாலை வழியாகக் குன்றின் மேற்பக்கத்திலிருந்து வருவதே வழி. நிறுத்துமிடம் பற்றி ஹோட்டலிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவ உணவுக்காரர்களுக்கு எது வசதி?

இரண்டின் உணவகங்களிலும் கேட்டால் ஏதாவது செய்துதருவார்கள். ஆனால் நகருக்கு அருகில் இருப்பது இங்கேயும் பேலஸுக்குச் சாதகம். கிரனாடாவில் சைவருக்குக் கைகொடுப்பவை கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல், பாதாமும் பூண்டும் அரைத்த அஹோப்ளாங்கோ என்னும் குளிர்ந்த சூப், தக்காளிக் கஸ்பாச்சோ ஆகியவை. சல்மொரெஹோ என்னும் கெட்டித் தக்காளிச் சூப்பின் மேல் பன்றித் தொடைக்கறியும் முட்டையும் தூவுவது வழக்கம். 'சின் ஹமோன்' என்று சொன்னால் கறி இல்லாமல் தருவார்கள். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: உருளைக்கிழங்கு ஆம்லெட் பாதுகாப்பானது, ஆனால் 'சாக்ரோமொந்தே ஆம்லெட்' என்று பட்டியலில் கண்டால் விலகிவிடுங்கள். மூளைக்கறி சேர்த்துச் செய்வதே அதன் மரபு. இலவசத் தப்பாஸிலும் என்ன வரும் என்பது கடைக்காரர் கையில் இருப்பதால், பானம் சொல்லும்போதே சைவம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

எந்த மாதத்தில் எந்த ஹோட்டல்?

ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெயில் 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். இரண்டிலும் நீச்சல்குளம் இல்லை என்பதைக் குழந்தைகளோடு வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். அந்த மாதங்களில் மரநிழலும் தோட்டமும் சூழ்ந்த பரதோர் சற்று இதமாக இருக்கும். குளிர்காலத்தில் இரவு வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி இறங்கும்; கோட்டை 6 மணிக்கே மூடிவிடுவதால் மேலே மாலை நீளமாகத் தோன்றும். அப்போது பேலஸ் மேல். ஜூன், ஜூலையில் இசை நடன விழாவின் கச்சேரிகள் ஐந்தாம் சார்லஸ் அரண்மனை முற்றத்திலும் ஹெனெராலிஃபே அரங்கிலும் நடக்கும். கச்சேரி முடிந்து நடந்தே அறைக்குத் திரும்பலாம் என்பதால் பரதோருக்கு அந்த வாரங்களில் கடும் போட்டி.

விலையில் எவ்வளவு வேறுபாடு?

பெரும்பாலான நாட்களில் பரதோர் கூடுதல். தேதிக்கு ஏற்ப விலை மாறிக்கொண்டே இருப்பதால் தொகை சொல்வதில் பொருளில்லை. ஒப்பிடும்போது 10 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் காலை உணவும் சேர்ந்த விலையையே இரண்டு பக்கமும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியா அல்லது இலங்கைக் கடவுச்சீட்டில் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் தங்குமிடச் சான்று காட்ட வேண்டியிருக்கும். விசா கைக்கு வரும் வரை, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையையே எடுங்கள், சில யூரோ அதிகமானாலும்.

மூன்று இரவு இருக்கிறோம். இரண்டிலும் பிரித்துத் தங்கலாமா?

தங்கலாம், பணம் இடம் கொடுத்தால் நான் பரிந்துரைப்பதும் அதுவே. முதல் இரண்டு இரவுகள் பேலஸில் தங்குங்கள்: அரச தேவாலயம், அல்பைசின், தேநீர்க் கடைகள் நிறைந்த கல்தெரெரியா தெரு, ஃபாயா வீடு எல்லாம் முடியட்டும். மூன்றாம் நாள் பெட்டிகளைப் பரதோருக்கு மாற்றிவிட்டு, அன்று பிற்பகலுக்கு நாஸ்ரிட் சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோட்டையைப் பார்த்து முடித்த பின்பு எல்லோரும் இறங்கும்போது நீங்கள் மட்டும் இறங்க வேண்டியதில்லை. வரிசையை மாற்றி முதலில் பரதோர் என்று வைத்தால், அடுத்த இரண்டு நாளும் எதிலும் ஒரு குறை தெரிந்துகொண்டே இருக்கும்.

இரண்டும் வேண்டாம் என்று முடிவு செய்வது தவறா?

தவறே இல்லை. அல்ஹம்ப்ராவின் முகத்தைப் பார்த்தபடி கண்விழிக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசையானால், இரண்டையும் விட்டுவிட்டு அல்பைசினில் அறை தேடுங்கள். அங்கே 'கார்மென்' என்று சொல்லப்படும் தோட்ட வீடுகள் சில ஹோட்டல்களாக இருக்கின்றன. தெருக்கள் குறுகலானவை என்பதால், கடைசிச் சில நூறு மீட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கலாம். அறை அல்ஹம்ப்ராவை நோக்கியது என்று ஹோட்டலார் எழுத்தில் உறுதி கொடுத்த பின்பே பணம் கட்டுங்கள். 'அல்ஹம்ப்ரா காட்சி' என்ற சொற்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் தெரியும் ஒரு கோபுர முனை மட்டும் இருப்பதும் உண்டு.